மெழுகுச் சன்னம் செய்த சுடலைமுத்து

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுடலைமுத்துவை எங்கள் ஊர் அக்கராயனில் நாங்கள் எல்லோரும் 'அவன்' என்றுதான் சொன்னோம். நானும் சொன்னேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். இப்போது எழுத உட்காரும்போது 'அவர்' என்று வருகிறது. செலவில்லாத மரியாதை, அதை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறான் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் முடிந்த கையோடு, மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து லொறியில் வந்து இறங்கினார். கூட மனைவி பேச்சியம்மாவும் ஆறு வயது மகள் அழகம்மாவும். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், பிளாஸ்டிக் பையில் சுற்றிய, இலங்கைக் குடிமகன் என்று சொல்லும் பிரசாவுரிமைச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் மலையகத்திலிருந்து வந்த எத்தனையோ பேரிடம் இல்லாத பொருள். அதை அவர் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அது இருந்தால் வன்னியில் காணி கிடைக்கும் என்று லொறியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியவர இரண்டு வருடம் ஆயிற்று.

குளத்து வாய்க்கால் முடிகிற இடத்தில் கனகலிங்கத்தாரின் வயலும் முடியும். அதற்கு அப்பால் பற்றைக்காடு, அரசாங்கக் காணி. அதில் ஒரு ஏக்கரைச் சுடலைமுத்துவும் பேச்சியம்மாவும் கையால் வெட்டித் திறந்தார்கள். முள்ளு, ஈச்சங்குத்தி, பாலை வேர், எல்லாம். கிணறு வெட்டும்போது பதினாறாம் அடியில் கல் வந்தது. கல்லை உடைக்க ஆள் பிடிக்கக் கையில் ஒன்றுமில்லை. அலவாங்கை வைத்துக்கொண்டு நான்கு மாதம் தானே கொத்தினார். தண்ணீர் வந்த அன்று பேச்சியம்மா ஒரு செம்பில் கொண்டுவந்து எங்கள் வீட்டிலும் கொடுத்தார். நல்ல தண்ணீர், உவர் இல்லை. என் மனைவி நேசமலர் அதைக் குடித்துவிட்டு, "எங்கடை கிணத்தைவிட நல்லாயிருக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் சுட்டது.

காணி வெட்டினால் உங்களுடையது ஆகிவிடாது. காணிக் கந்தோர் பெர்மிட் தரவேண்டும். பெர்மிட்டுக்கு, இந்த ஆள் இந்தக் காணியில் இருந்து செய்கை பண்ணுகிறான் என்று எங்கள் கமக்காரர் சங்கம், அதாவது விவசாயிகள் சங்கம், கடிதம் கொடுக்கவேண்டும். கடிதத்தில் இரண்டு கையெழுத்து. ஒன்று தலைவர் கனகலிங்கத்தாரினுடையது. மற்றது செயலாளர் சிற்றம்பலத்தினுடையது, அதாவது என்னுடையது. சுடலைமுத்துவின் வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு கையெழுத்தில் வந்து நின்றது. அவருக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும்.

கனகலிங்கத்தார் கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்த முதல் ஆட்களில் ஒருவர். ஆள் பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. செத்த வீடென்றால் முதல் ஆளாக நிற்பார். சுடலைமுத்து கடிதம் கேட்டுப் போனால் தோளில் தட்டி, "வாற வருசம் பாப்பம், இப்ப என்ன உன்னை ஆர் எழுப்பப் போயினம்?" என்பார். இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. சங்கத்து நெல் களஞ்சியத்தில் காவல்காரன் வேலையும் அவர்தான் கொடுத்தார். அதனால் சுடலைமுத்து அவரைத் தெய்வத்துக்கு ஒரு படி கீழே வைத்திருந்தார்.

மெழுகுச் சன்னம், அதாவது மெழுகுக் குண்டு, பிறந்தது அந்தக் களஞ்சியத்தில்தான்.

கார்த்திகை மார்கழியில் அக்கராயனில் மழை பிடித்தால் விடாது. விதைப்பு முடிந்துவிடும், வெட்டு மாசியில். இடையில் கமக்காரனுக்கு வேலையில்லை, களஞ்சியத்திலும் நெல் இல்லை. எண்பது அடி நீளமான வெறுங்கட்டடம், மேலே தகரத்தில் மழை அடிக்கிற சத்தம். பின்னேரங்களில் கனகலிங்கத்தாரும் டிரக்டர்காரன் முத்துலிங்கமும் நானும் அங்கே போய் இருப்போம். சீட்டுக் கடுதாசி விளையாடுவோம், ஊர்க்கதை கதைப்போம். கனகலிங்கத்தாரிடம் ஒரு துவக்கு இருந்தது. பன்றி கலைக்க என்று லைசன்ஸ் எடுத்த ஒற்றைக்குழல். வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று அளந்துதான் கொடுப்பார்கள். அதில் பன்றிக்குப் போனதைவிட அவருடைய ஆசைக்குப் போனதுதான் அதிகம். ஒரு மழைநாள் களஞ்சியத்துக்குள்ளேயே சுவரில் ஒரு தகர மூடியைச் சாத்திவைத்து வெடி வைத்தார். மூடிக்குப் படவில்லை. கூரைத் தகரம் அரிதட்டு ஆயிற்று. எங்கள் மூன்று பேருக்கும் அரைமணி நேரம் காது கேட்கவில்லை.

ஓட்டையை அடைக்க ஏணியில் ஏறிய சுடலைமுத்து மேலே நின்றபடியே கேட்டார்.

"ஐயா, உள்ளுக்கு வச்சு சுடணும்னா மெழுகுல சுடலாமுங்களே. தொர அப்பிடித்தாங்க சுடுவாரு."

அவர் தோட்டத்தில் பதினொரு வருடம் துரையின் பங்களாவில் வேலை செய்தவர். மலையில் மழை பெய்தால் துரைக்கும் பொழுது போகாதாம். பங்களாவின் நீள விறாந்தையில் பலகையை நிறுத்திச் சுடுவாராம். ஈயம் சுவரை உடைக்கும் என்று மெழுகிலே சன்னம் செய்யச் சொல்லிச் சுடலைமுத்துவைப் பழக்கியிருக்கிறார். மருந்து போடுகிறதில்லை. தோட்டாவின் அடியில் இருக்கிற கேப்பின் உதைப்பு மட்டும்தான். பத்துப் பதினைந்து அடி போய்ப் 'பொத்' என்று ஒட்டும்.

"உது வேலை செய்யுமோடா?" என்றார் கனகலிங்கத்தார்.

"செய்யுமுங்க."

செய்தது. முதல் இரண்டு கிழமை சரிவரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடை மெழுகுதிரி குழலுக்குள்ளேயே நொறுங்கிப் போனது. பிறகு காட்டுத் தேன் எடுக்கிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கிக் கலந்தார். எவ்வளவுக்கு எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பேச்சியம்மாவின் குசினியில் சிறு சட்டியில் உருக்கி, பால் புட்டி மூடியில் ஊற்றி, ஆறியபின் பேனாக் கத்தியால் சுரண்டி எடுப்பார். ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பார்த்துத்தான் தகர ரின்னுக்குள் போடுவார். சுவரில் சாக்குத் தொங்கும், அதன் முன் கனகலிங்கத்தார் வீட்டுப் பழைய சுளகு. அதில் கரியால் மூன்று வட்டம். மெழுகு சுளகில் ஒட்டி நின்றுவிடும்.

ஒட்டியது யாருடையது என்று சண்டை வந்தது. முத்துலிங்கம் எப்போதும் நடு வட்டத்தில் இருப்பது தன்னுடையது என்பான். அதற்கும் சுடலைமுத்துதான் வழி கண்டார். கனகலிங்கத்தாருக்குக் குங்குமம் கலந்து சிவப்பு. முத்துலிங்கத்துக்கு மஞ்சள். எனக்கு உடுப்புக்குப் போடுகிற நீலம். ஆட்டம் முடிந்தால் சுளகைப் பார்த்தாலே போதும், ஒருவனும் புளுக முடியாது.

ஐந்து மாரி அப்படிப் போனது. வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர் மழையில் நனைந்து நனைந்து போய்ச் சுளகுக்கு மெழுகு எறிந்தோம். வெளியில் நாடு எரிந்துகொண்டிருந்தது. எண்பத்துமூன்றிலும் எரிந்தது, நாங்கள் அந்தக் கார்த்திகையிலும் விளையாடினோம். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது என்று சொல்ல ஆசைதான். அப்போது இருக்கவில்லை.

ஆட்டம் முடிந்தபின் நிலத்தில் விழுந்த மெழுகைப் பொறுக்குவது சுடலைமுத்துவின் வேலை. மற்ற இரண்டு பேரும் போய்விடுவார்கள். எனக்குக் களஞ்சியத்தைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோகும் பொறுப்பு. அதனால் நானும் குந்தியிருந்து பொறுக்குவேன். அப்போதுதான் அவர் கதைப்பார். ஒருநாள் பங்களாக் கதை ஒன்று சொன்னார். துரை குடித்துவிட்டுச் சுட்டதில் துரைசானியின் பெரிய நிலைக்கண்ணாடி உடைந்துபோனது. துரைசானி வந்து யார் உடைத்தது என்று கேட்டாள். சுடலைமுத்து துரையின் முகத்தைப் பார்த்தார். துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான்தாங்கன்னு சொல்லிட்டேன். அம்மா ரெண்டு ஏச்சு ஏசினாங்க. அதோட சரி. மறுநா தொர கூப்பிட்டு ஒரு கம்பளிக் கோட்டுக் குடுத்தாரு. பங்களா வேலைன்னா அப்பிடித்தாங்க. பெரியவங்க மொகத்த வெளிய திருப்புனா நாம ஏத்துக்கணும். பொறகு அவங்க நம்மள கைவிட மாட்டாங்க."

நான் சிரித்தேன். "இஞ்சை அப்பிடி ஒண்டுமில்லை" என்றேன். "எங்க இருந்தாலும் அப்பிடித்தாங்க" என்றார்.

ஒரே ஒருமுறை அவர் சுட்டதை நான் பார்த்திருக்கிறேன். கனகலிங்கத்தார் ஆனையிறவுக்கு ஏதோ அலுவலாகப் போன நாள். துவக்கை நான்தான் நீட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று சாரத்தில் கையைத் துடைத்தபடி வாங்கினார். நிறம் கலக்காத வெள்ளை மெழுகு. நடு வட்டத்துக்கும் நடுவில் போய் ஒட்டியது. உடனே ஓடிப்போய் அதை நகத்தால் கிள்ளி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "ஐயாவுக்குத் தெரிய வேணாமுங்க" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் வேறு நாளில் காணவில்லை.

இனி எண்பத்துநான்கு மார்கழி.

லைசன்ஸ் துவக்கு சொந்தக்காரனின் வீட்டில் பூட்டி இருக்கவேண்டும் என்பது சட்டம். கனகலிங்கத்தார் மாரி முழுவதும் அதைக் களஞ்சியத்தின் கதவுக்குப் பின்னால்தான் சாத்தி வைப்பார். ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு போய்வரப் பஞ்சி, சோம்பல். அந்தக் காலத்தில் இயக்கத்துப் பெடியள் ஊர் ஊராக லைசன்ஸ் துவக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடமும் ஒரு மத்தியானம் வந்தார்கள். நான்கு பேர், மரியாதையான பிள்ளைகள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ" என்று சுடலைமுத்துவிடம் சொல்லிவிட்டுத் துவக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் ஓடிவந்து சொன்னபோது கனகலிங்கத்தார் சோற்றுக்கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பெரிய முகத்தில் இரத்தம் இல்லை.

கதை பொலிசுக்கு எட்டி, அடுத்த நாள் காலையில் ஜீப் களஞ்சியத்துக்கு முன்னால் நின்றது. நான் அங்கே இருந்தேன். கனகலிங்கத்தார் இருந்தார். முத்துலிங்கம் விடியவே வவுனியாவுக்கு பஸ் ஏறியிருந்தான். கெட்டிக்காரன்.

கொஞ்சம் தமிழ் தெரிந்த சிங்களச் சாஜன் ஒருவர் கேள்வி கேட்டார். துவக்கு ஏன் இங்கே இருந்தது? பெடியளுக்கு எடுத்துக்கொடுக்க வசதியாக வைத்ததா? இதற்குச் சரியான பதில் ஒன்று இருந்தது. நாங்கள் இங்கே விளையாடுகிறோம் சேர், பிழை எங்களுடையது, லைசன்சைப் பறியுங்கள். சொல்லியிருந்தால் கனகலிங்கத்தாருக்கு லைசன்ஸ் போயிருக்கும், கொஞ்சம் அடியும் விழுந்திருக்கலாம். விழாமலும் விட்டிருக்கலாம், அவருக்குத் தெரிந்த பெரிய ஆட்கள் இருந்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு பொலிஸ்காரன் மூலையிலிருந்த ரின்னைத் தூக்கிக் கவிழ்த்தான். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மெழுகுச் சன்னம் மேசையில் உருண்டது. கூடவே வெறுந்தோட்டாக் கோதுகளும்.

"மேக்க யார் செஞ்சது?" என்று சாஜன் மெழுகைக் காட்டிச் சிங்களமும் தமிழும் கலந்து சத்தம் போட்டார்.

சுடலைமுத்து கனகலிங்கத்தாரின் முகத்தைப் பார்த்தார். கனகலிங்கத்தார் கதவுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க."

"துவக்கை இங்க கொண்டாந்தது யார்?"

மறுபடி பார்த்தார். மறுபடி அந்த முகம் மழையில்தான் நின்றது.

"அதும் நான்தாங்க."

நிலைக்கண்ணாடிக் கதை எனக்குத் தெரியும். அவர் என்ன செய்கிறார் என்று அந்தக் களஞ்சியத்தில் விளங்கிய ஒரே ஆள் நான்தான். இது கண்ணாடி இல்லை மனிசா, வாயை மூடு என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை.

அதன்பிறகுதான் கனகலிங்கத்தார் வாயைத் திறந்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது சேர். துவக்கு வீட்டிலைதான் இருந்தது. இவன் கேளாமல் எடுத்திருக்கிறான். இவங்கள் எங்கையிருந்து வந்தவங்களோ, என்ன தொடர்போ, ஆருக்குத் தெரியும்?"

சுடலைமுத்து திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. கோபம் இல்லை. கணக்கில் எங்கோ தவறு விட்டுவிட்ட பிள்ளை மாதிரி யோசித்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். ஐயா ஏதோ திட்டத்தோடுதான் சொல்கிறார் என்று முடிவுசெய்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஜீப்பில் ஏறும்போது கனகலிங்கத்தாரைப் பார்த்து, "காணிய மட்டும் பாத்துக்குங்கய்யா" என்றார்.

"ஓமோம்" என்றார் அவர்.

இருபத்திரண்டு மாதம். முதலில் ஒரு முகாம், பிறகு தெற்கே ஏதோ ஒரு சிறை. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. பேச்சியம்மா மாதத்துக்கு ஒருமுறை கனகலிங்கத்தார் வீட்டு வாசலில் போய் நிற்பார். "சத்தம் போடாதையுங்கோ, நான் உள்ளுக்காலை அலுவல் பாக்கிறன்" என்று பதில் வரும். பிறகு எங்கள் வீட்டுக்கு வருவார். நேசமலர் தேத்தண்ணி கொடுப்பார்.

"ஐயா, நீங்களும் அன்னைக்கு அங்க இருந்தீங்கதானே. ஒரு கடுதாசி எழுதிக் குடுக்க ஏலாதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இப்ப எழுதினால் அவருக்குத்தான் கூடாது. கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

பொறுத்தார்கள். பொறுக்கச் சொன்னவனுக்கு என்ன நட்டம்?

இரண்டு மாதம் போனதும் கனகலிங்கத்தார் பேச்சியம்மாவையும் மகளையும் தன் வளவின் பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிவந்தார். குமராகிற பிள்ளையை வைத்துக்கொண்டு காட்டோரம் தனிய இருக்கக் கூடாது என்றார். ஊரே அவரைப் புகழ்ந்தது. நானும் நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். மாடு புகுந்துவிடும் என்று காணிக்கு முள்ளுக்கம்பி அடித்தார். அதுவும் நல்ல காரியம். அந்த வைகாசியில் அவருடைய மகள் விமலேஸ்வரிக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கிணற்றோடு காணி கேட்டார்கள்.

ஒரு பின்னேரம் கனகலிங்கத்தார் சங்கக் கந்தோருக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தட்டெழுத்தில் அடித்த ஒரு தாளை என் முன்னால் வைத்தார். வாய்க்கால் முடிவிலுள்ள ஒரு ஏக்கர் வெறுங்காணி, எவரும் குடியிருப்பில்லை, செய்கையில்லை, கனகலிங்கம் மகள் விமலேஸ்வரிக்கு வழங்கச் சங்கம் சிபாரிசு செய்கிறது. தலைவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"அண்ணை, இது சுடலையின்ரை காணியெல்லே" என்றேன்.

"பொலிஸ் பிடிச்சவனுக்குப் பெர்மிட் குடுப்பாங்களே? ஆரோ பிறத்தியான் எடுக்கிறதுக்கு நான் எடுத்தால் என்ன? அவன் வந்தால் நான் பாக்கமாட்டனே?"

நான் பேனையை எடுக்கவில்லை. அவர் சிரித்தார், அதே பெரிய சிரிப்பு.

"சிற்றம்பலம், அண்டைக்கு ரின்னுக்குள்ளை நீலமும் கிடந்தது."

அவ்வளவுதான் சொன்னார். நான் கையெழுத்து வைத்தேன். வாசிக்காமல் வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சில பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். பொய். இரண்டு தரம் வாசித்தேன். 'குடியிருப்பில்லை' என்ற சொல்லில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தியும் கொடுத்தேன்.

எண்பத்தாறு ஐப்பசியில் சுடலைமுத்துவை விட்டார்கள். பிடித்ததற்குக் காரணம் சொல்லாதவர்கள் விட்டதற்கும் சொல்லவில்லை. பஸ்ஸால் இறங்கி நேரே கனகலிங்கத்தார் வீட்டுக்குத்தான் போனாராம். அங்கே அவருக்குக் கதிரை கொடுத்தார்கள், முதல்தரமாக. சோறு போட்டார்கள். "காணி கிடக்கட்டும், நீ என்ரை வீட்டு ஆள். பழையபடி களஞ்சியத்திலை நில்லு" என்று கனகலிங்கத்தார் சொன்னபோதும் சுடலைமுத்துவுக்கு விளங்கவில்லை. வாய்க்காலோரம் நடந்து போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவருடைய கிணற்றில் தண்ணி இறைக்கிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது. விமலேஸ்வரியின் புருசன், அவரை யார் என்று தெரியாமல், "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டிருக்கிறான்.

மூன்று நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ஒரு காது கேட்கவில்லை, மற்றக் காதைத் திருப்பித் திருப்பிக் கதைத்தார். நான் விறாந்தை வாங்கில் இருக்கச் சொன்னேன். நிலத்தில்தான் குந்தினார்.

"காணிக் கந்தோருக்குப் போனேனுங்க. அங்க ஒரு கிளாக்கர் பொம்பள, நல்ல அம்மா, பைல எடுத்துப் படிச்சுக் காட்டினாங்க. வெறுங்காணின்னு எழுதியிருக்குதுங்க. ரெண்டு கையெழுத்து."

நான் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.

"கனகலிங்கம் ஐயா செஞ்சது எனக்கு வெளங்குதுங்க. மொகத்தத் திருப்பினாரு, நான் ஏத்துக்கிட்டேன். அது என் முட்டாத்தனம். ஆனா நீங்க எங்கூடக் குந்தியிருந்து மெழுகு பொறுக்கினவருங்களே."

அவர் கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ளுக்கு அடிச்சாங்க. செவப்பு யாருது, மஞ்ச யாருது, நீலம் யாருதுன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. எல்லாம் என்னுதுதான், பாக்க அழகாயிருக்கும்னு கலந்தேன்னேன். உங்க பேரு வாயில வரலீங்க. சாமி சத்தியமா வரல."

அதைச் சொல்லிக் காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. எனக்கு நிம்மதி தருவதற்காகச் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. உள்ளே நேசமலர் அழுகிற சத்தம் கேட்டது.

"ஐயா, காணி திரும்பிக் கெடைக்கணும்னா ஒரு வழி இருக்குதாம். அந்தக் கடுதாசி பிழை, காணியச் சுடலைமுத்துதான் வெட்டினான், கெணறும் அவந்தான் வெட்டினான்னு சங்கத்துச் செயலாளரு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வச்சா, விசாரிப்பாங்களாம். அந்த அம்மாதான் சொன்னாங்க. கிளிநொச்சிக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். நீங்க வரக்கூடத் தேவையில்லீங்க."

ஒரு வரி. அலுமாரிக்குள் சங்கத்துக் கடிதத்தாள் இருந்தது. பேனை என் சட்டைப் பையில் இருந்தது. அந்த நேரத்திலேயே பேனையை எடுத்திருந்தால் எழுதியிருப்பேன். என் மனம் உண்மையாகவே அந்தப் பக்கம்தான் நின்றது. ஆனால் கனகலிங்கத்தாரின் முகம் வந்தது. சங்கத்து வேலை வந்தது. பொலிசில் நீலம் யாருடையது என்று அவர் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற கணக்கும் வந்தது.

"வடிவா யோசிச்சு எழுதோணும் சுடலை. நாளைக்குக் காலமை வாங்கோ" என்றேன்.

முதல்முறையாக அவரை 'வாங்கோ' என்று சொன்னேன் என்பதை அவர் போனபிறகுதான் கவனித்தேன்.

அடுத்த நாள் அவர் வரவில்லை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். மனிசன் மனம் விட்டுப்போச்சு, குடும்பத்தோடு பூவரசங்குளம் பக்கம் போயிட்டுது, வந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பன் என்று. போன மாதம் கனகலிங்கத்தாரின் செத்த வீட்டில்கூட அதைத்தான் சொன்னேன். இனிச் சொல்லமாட்டேன்.

வந்தார். காலை எட்டு மணிக்கு, நல்ல மழை. யூரியாப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலிப் படலையடியில் நின்று கூப்பிட்டார். நான் குசினிக்குள் கதவுக்குப் பின்னால் நின்றேன். நேசமலரைப் பார்த்து, நான் இல்லை என்று சொல்லக் கையைக் காட்டினேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு விறாந்தைக்குப் போய், "அவர் இல்லை, விடியவே சைக்கிளிலை கிளிநொச்சிக்குப் போயிட்டார்" என்றார்.

போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு அவருடைய குரல் கேட்டது. ஒரு காது கேளாதவர் என்பதால் சத்தமாகத்தான் பேசினார். குசினிக்குள் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"சரிங்கம்மா. ஐயாவோட சைக்கிள் வேலியில சாத்தி மழையில நனையுது. துருப்பிடிச்சிரும். உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க."